பங்குனி நடுராத்திரியும் காவலூர்க் கண்ணாடியும்

"மலை மேல போயி ராத்திரி பூரா நட்சத்திரம் பாக்கறதெல்லாம், பெங்களூர்ல சம்பளம் வாங்கி கேமரா வாங்கின பசங்க கண்டுபிடிச்ச பொழுதுபோக்குப்பா" என்று தர்மபுரி நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் தமிழாசிரியர் வேறு. அதனால் அவருக்கு அவருடைய ஆயுதத்தையே எடுத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. புறநானூறு, 229-ஆம் பாட்டு.

கூடலூர் கிழார் பாடியது. பாட்டுடைத் தலைவன் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒரு நடுராத்திரியில் வானத்திலிருந்து பெரிய எரிமீன் ஒன்று விழுகிறது. அதைப் புலவர் மட்டும் பார்க்கவில்லை. கூட இருந்தவர்கள், பரிசில் வாங்க வந்த இரவலர்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். அய்யோ, ராஜாவுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று பயப்படுகிறார்கள். ஏழாம் நாள் ராஜா செத்துப்போகிறார். தமிழ் வகுப்பில் இதைக் கையறுநிலை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. புலவர் அந்த நேரத்து வானத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறார்.

மாசம் பங்குனி, அதுவும் முதல் பாதி. நேரம் நடுராத்திரி. உத்தரம் உச்சியிலிருந்து சாய ஆரம்பித்திருக்கிறது. அதற்கு எட்டாவது நட்சத்திரமான மூலம் எதிரே எழுந்து வருகிறது. அந்தப் பக்கம் மிருகசீரிடம் மேற்கே அடையப் போகிறது. இந்த நட்சத்திரப் பெயர்களைப் பழைய உரைகாரர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எரிமீன் எந்தத் திசைக்குப் போகவில்லை என்பதுகூடப் பாட்டில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பெரிய எரிமீனைப் பார்த்தால் அதைப் பதிவு செய்கிற சர்வதேச அமைப்புகள் கேட்கிற கேள்விகளும் இவைதான்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு வெளிச்சம், கூட யார் பார்த்தது. கூடலூர் கிழார் அந்தப் படிவத்தை ரொம்ப நாள் முன்னாலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டார் :-)

இதில் ஒரு வேடிக்கை, இந்தக் குறிப்பை இன்றைக்கும் சரிபார்க்கலாம். நம்ம தமிழ் மாசங்கள் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுபவை. பூமியின் அச்சு மெள்ளத் தலையாட்டுவதால் பருவங்கள் நழுவும். அதனால்தான் ஒரு காலத்தில் சம இரவு நாளை ஒட்டி வந்த சித்திரை ஒன்று இப்போது ஏப்ரல் 14-க்கு வந்து நிற்கிறது. ஆனால் மாசத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள கணக்கு நழுவாது. பங்குனி நடுராத்திரியில் அன்றைக்கு என்ன நட்சத்திரம் தலைக்கு மேலே நின்றதோ, கிட்டத்தட்ட அதுவேதான் இன்றைக்கும் நிற்கும்.

சித்தேரி மலையில் பங்குனி முதல் பாதியில் நிலா இல்லாத ஒரு ராத்திரி நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இதைச் சரிபார்த்தோம். மணி பன்னிரண்டு. உத்தரம் என்று நாம் சொல்லும் சிம்ம ராசியின் வால் நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேலே, மேற்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தர்மபுரி மாவட்டம் கிட்டத்தட்ட 12 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அந்த நட்சத்திரம் இங்கே ஏறக்குறைய உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். மேற்கே மிருகசீரிடம் மரத்து உச்சியில் இறங்கிக் கொண்டிருந்தது. தென்கிழக்கில் தேள் முழுசாக எழுந்து, அதன் கொடுக்கு, அதாவது மூலம், மலை விளிம்பில் வந்து கொண்டிருந்தது. தமிழாசிரியர் நண்பரும் அன்றைக்கு வந்திருந்தார். இருபது வருஷமாகப் பாடம் நடத்தின பாட்டு, ஆனால் வானத்தில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. ரொம்ப நேரம் பேசவே இல்லை மனுஷன். அப்புறம், "உரைகாரர் பொய் சொல்லலப்பா" என்று மட்டும் சொன்னார்.

நிற்க. எரிமீன் விழுந்ததால்தான் ராஜா செத்தார் என்று யாரும் கிளம்பி வந்துவிடாதீர்கள். ஒரு நல்ல இருட்டான ராத்திரியில் மணிக்கு நாலைந்து எரிமீனாவது சாதாரணமாகவே விழும். ராஜாக்களின் எண்ணிக்கை அதற்குக் கட்டுப்படியாகாது.

அடுத்த கதை புதுச்சேரியில். 1689 டிசம்பரில் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக் கொண்டிருந்தார். சயாமில் ஆட்சி கவிழ்ந்து அங்கிருந்து வந்தவர். வால்மீனுக்குப் பக்கத்தில் இருந்த ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று அவர் கண்ணில் பட்டது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கிற நட்சத்திரக் குடும்பம் ஒரு இரட்டை என்பது உலகத்துக்குத் தெரிய வந்தது புதுச்சேரிக் கடற்கரையிலிருந்துதான். பாதிரி வேலை அவருக்குப் பிழைப்பு, வானம் ஆசை. நம்ம ஆள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே புதுச்சேரிக்கு 80 வருஷம் கழித்து இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்தார். லெ ஜாந்தீல். வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்தார். புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டதால் இறங்க முடியவில்லை. ஆடுகிற கப்பலில் அளவெடுப்பது எப்படி? அடுத்த கடப்பு எட்டு வருஷம் கழித்து. மனுஷன் ஊருக்குத் திரும்பாமல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் எல்லாக் கருவியும் தயார். மேகம் வந்து மூடிக்கொண்டது. 1771-இல் வீடு திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, அகாடமியில் அவருடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்து, சொத்தையும் பங்கு பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேகம் வந்து கெட்டுப்போன ஒவ்வொரு ராத்திரியும் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் இவர் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம்.

ஆனால் லெ ஜாந்தீல் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம்ம கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்கு அந்த முறையில் போட்ட கணக்கில், கிரகணம் நீடித்த நேரம் 41 விநாடி குறைவாக வந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த பட்டியல் என்று பெயரெடுத்த டோபியாஸ் மேயரின் பட்டியலில் 68 விநாடி அதிகமாக வந்தது. இதை எழுதி வைத்ததும் லெ ஜாந்தீலேதான். பிறகு 1825-இல் மெட்ராஸில் அச்சான 'கால சங்கலித' என்ற புத்தகத்தில் ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததை விவரிக்கிறார். காகிதம் கிடையாது, பேனா கிடையாது.

இதைச் சொன்னால் உடனே "அப்பவே நம்மாளுங்க..." என்று நெஞ்சு நிமிர்த்துகிற கூட்டம் ஒன்று உண்டு. எனக்கு அந்த உற்சாகம் அவ்வளவாக இல்லை. வாரன் பார்த்த அந்தச் சோழிக்காரருக்குக் கணக்கு ஏன் சரியாக வருகிறது என்று தெரியாது. காரணம் தெரிந்தவர்களின் வரிசை எங்கேயோ அறுந்து, செய்முறை மட்டும் மிஞ்சியிருந்தது. பெருமைப்படுவதற்கு நடுவில் அந்த அறுந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

சரி, மெட்ராஸுக்கு வருவோம். 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்தார். இது கம்பெனி உத்தரவு இல்லை; முழுக்க முழுக்க ஆசை. அவருடைய கருவிகளே பிறகு கம்பெனிக்குப் போய், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வுக் கூடமாக உட்கார்ந்தது. அன்றைக்குக் கருவி நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உட்பட்ட எழுத்துகளில் கல்வெட்டோடு. அந்தக் கூடத்தின் வாரிசுதான் கொடைக்கானல். கொடைக்கானலின் வாரிசுதான் நான் சொல்ல வருகிற காவலூர். ஆக, நூல் பிடித்துக்கொண்டே போனால் அடியில் ஒரு பொழுதுபோக்குக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

நுங்கம்பாக்கத்தில் இருந்தவர்களில் எனக்கு இரண்டு பேர் முக்கியம். நார்மன் போக்சன் 1861 பிப்ரவரியில் மெட்ராஸ் வந்து இறங்கினார், ஏப்ரல் 17-ஆம் தேதி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அவர் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். நவீன காலத்தில் இப்படி ஒரு கண்டுபிடிப்பைச் செய்த முதல் இந்தியர். 1874-இல் வந்த வெள்ளிக் கடப்பைப் பற்றிப் பொதுஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சிறு புத்தகம் எழுதினார், அதை நாட்டு மொழிகளிலும் கொண்டு வந்தார். சோழிக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் அறுந்த நூலை முடிச்சுப் போட முயற்சி செய்தவர் என்று நான் அவரைப் பார்க்கிறேன். 1880-இல் இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு தெரு இருக்கலாம்.

போக்சனை நாங்கள் ஒவ்வொரு ராத்திரியும் உபயோகிக்கிறோம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளக்கிற மேக்னிட்யூட் என்கிற அளவு இருக்கிறதே, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வித்தியாசம் என்று அதைக் கணக்காக வரையறுத்தவர் அவர்தான். அது 1856-இல், மெட்ராஸ் வருவதற்கு முன்னால். ஊருக்குள் மொட்டை மாடியில் நின்றால் வெறும் கண்ணுக்கு மூன்றாம் படி வரைக்கும்தான் தெரிகிறது. சித்தேரியில் ஆறாம் படி வரைக்கும் தெரியும். மூன்று படிதானே என்று நினைக்காதீர்கள். 2.512-ஐ மூன்று தடவை பெருக்கினால் கிட்டத்தட்ட 16. ஊருக்குள் தெரிவதைவிடப் பதினாறு மடங்கு மங்கலான நட்சத்திரம் மலையில் தெரிகிறது. அதனால்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம்.

இன்னொரு சமாச்சாரம். 1863 மே மாசம் போக்சன் மெட்ராஸிலிருந்து விருச்சிகத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் தெரிவதைப் பார்த்தார். கொஞ்ச நாளில் காணாமல் போனது. அது யு ஸ்கார்ப்பி. சில வருஷங்களுக்கு ஒருமுறை வெடித்து, சில நாட்களில் அடங்கிவிடுகிற நட்சத்திரம். சும்மா இருக்கும்போது 18-ஆம் படி. பெரிய தொலைநோக்கி வேண்டும். வெடித்தால் ஏழரைக்கு வந்துவிடும், பைனாகுலர் போதும். 2010 ஜனவரி 28 அன்று அது மறுபடி வெடித்ததை முதலில் பார்த்துச் சொன்னது ஃப்ளோரிடாவைச் சேர்ந்த இரண்டு பொழுதுபோக்கு வானியலாளர்கள். அவர்கள் சொன்ன சில மணி நேரத்தில் உலகம் முழுக்கவும் விண்வெளியிலும் இருந்த தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2022 ஜூனில் அடுத்த வெடிப்பைப் பிடித்ததும் ஜப்பானியப் பொழுதுபோக்கு வானியலாளர் ஒருவர்தான். நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்த கதையின் அடுத்த அத்தியாயத்தை யார் வேண்டுமானாலும், ஒரு பைனாகுலரும் பொறுமையும் இருந்தால், எழுதலாம்.

இப்போது காவலூர்.

அரூரில் நின்று வடகிழக்கே கை நீட்டினால், நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டரில் ஜவ்வாது மலையில் இருக்கிறது. வண்டியில் போனால் ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆலங்காயம் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆரம்பித்தபோது வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். மலை மட்டும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்த மலையைத் தேடிப் பிடித்தவர் வைணு பாப்பு. அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். பையன் மாணவனாக இருக்கும்போதே மாறொளி நட்சத்திரங்களைப் பார்த்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டான். ஹார்வர்டில் படிக்கப் போன இடத்தில், 1949 ஜூலை 2 அன்று எடுத்த புகைப்படத் தட்டில் ஒரு வால்மீன் சிக்கியது. பாப்பு-பாக்-நியூகர்க் என்று அதற்குப் பெயர். வழக்கமான வேலைக்கு எடுத்த படத்தில் எதிர்பாராத ஒன்று இருப்பதைக் கவனித்ததுதான் அங்கே சாமர்த்தியம். ராத்திரி வானத்தைப் படமெடுக்கிற பசங்களுக்கு நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். படத்தை அழகுபடுத்தி நாலு பேரிடம் காட்டுவதற்கு முன்னால், அதில் இருக்கக்கூடாத புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்.

1960-இல் பாப்பு கொடைக்கானலுக்குப் பொறுப்பேற்றார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். ராத்திரி நட்சத்திரம் பார்க்க மேகமும் பனியும் விடாது. அதனால் தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார்கள். இருட்டு வேண்டும், மேகமில்லாத ராத்திரி நிறைய வேண்டும், காற்று அமைதியாக இருக்க வேண்டும், பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்தால் தெற்கு வானமும் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் காவலூர் அமைந்தது. 1968-இல் உள்நாட்டிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பம். 1972-இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியின் ஜாதகம் அபாரம். வந்த வருஷமே, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் நிலவான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைக் காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பார்த்தார்கள். நட்சத்திரம் பட்டென்று அணையாமல் மங்கி மறைந்ததை வைத்து, கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்ன அளவு அதிகம் என்று பிறகு வாயேஜர் காட்டியது. ஆனால் மிக மிக மெல்லிய ஆக்சிஜன் அங்கே இருப்பதை 1990-களில் ஹப்பிள் பார்த்தது.

அப்புறம் 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகிறது. அமெரிக்கர்கள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே பறக்கிறார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பதிவு செய்கிறார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கித் திரும்ப வந்தது. ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. காவலூர்க்காரர்கள் அதை யுரேனஸின் புது நிலவு என்று நினைத்து, 'நேச்சர்' இதழில் அந்தத் தலைப்பிலேயே எழுதினார்கள். விமானத்தில் இருந்தவர்களுக்கோ கிரகத்தின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி மங்கல்கள் கிடைத்திருந்தன. ஆகவே அது நிலவு இல்லை, வளையம். பெயர் அவர்களுக்குப் போனது. அதே வருஷக் கடைசியில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி அலசி, சனியைப் போன்ற வளையத் தொகுதி என்று இன்னொரு கட்டுரை எழுதினார்கள்.

இதைச் சிலர் நம்மவர்கள் கோட்டை விட்ட கதை என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரே இடத்திலிருந்து ஒரே ஒரு கோட்டைப் பார்த்தவர்களுக்கு நிலவு என்பது நியாயமான யூகம்தான். இன்னொரு இடத்திலிருந்து பார்த்ததோடு ஒப்பிட்டிருந்தால் வளையம் என்பது இன்னும் தெளிவாகியிருக்கும். நட்சத்திர மறைப்புகளைப் பொழுதுபோக்குக்காரர்கள் இன்றைக்கும் கூட்டமாகப் பிரிந்து நின்று பார்ப்பதன் காரணமே அதுதான். பத்துப் பேர் பத்து ஊரில் நின்று, நட்சத்திரம் மறைந்த விநாடியையும் திரும்பிய விநாடியையும் குறித்தால், மறைத்த சிறுகோளின் வடிவமே வரைபடத்தில் வந்துவிடும். ஒருத்தர் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் தனியாக இது முடியாது.

பாப்புவின் பெரிய கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. கண்ணாடியை ஏ.பி. ஜெயராஜனின் குழு பெங்களூரில் தேய்த்தது. தாங்கும் இரும்புக் கட்டுமானம் வால்சந்த் நகரில் செய்தது. 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாப்பு, தொலைநோக்கி முடிவதற்குள் 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொலைநோக்கிக்கும் கூடத்துக்கும் அவர் பெயரை வைத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1988 பிப்ரவரி 17 அன்று, ராஜமோகன் காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு சிறுகோள் கிடைத்தது. போக்சன் 1885-இல் கடைசியாக ஒன்று கண்டுபிடித்ததற்கு அப்புறம், 103 வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து. அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், நம்ம கும்பகோணத்துக் கணிதமேதைதான்.

காவலூரில் பல வருஷங்களாகச் சனிக்கிழமைகளில் பொதுமக்களை விட்டு, சாயங்காலம் சின்னத் தொலைநோக்கியில் வானம் காட்டினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குச் சனியின் வளையம் முதலில் தெரிந்தது அங்கேதான். எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர் அப்படி வந்தவர்கள். போக நினைப்பவர்கள் இப்போதைய நடைமுறையை விசாரித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் கூட்டம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதிவு கிடையாது, பொருளாளர் கிடையாது. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை, மழைக்காலம் தவிர, சித்தேரிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் களத்தில் கூடுவோம். பழைய எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று, நாலைந்து கேமரா, ஒரு பெரிய ஃப்ளாஸ்க் டீ. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டாமல் வருகிறவருக்கு டீ கிடையாது. 18 மில்லிமீட்டர் லென்ஸில் பதினைந்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். அதனால் பதினைந்து விநாடிப் படமாக நூறு எடுத்து, வீட்டுக்கு வந்து அடுக்கிக் கொள்வார்கள். இங்கே துருவ நட்சத்திரம் தரையிலிருந்து 12 டிகிரியில்தான் நிற்கிறது. அதனால் வெள்ளைக்காரர்கள் போடுகிற முழு வட்டச் சுழல் படம் நமக்கு வராது. அடிப்பாகம் மலைக்குள் போய்விடும். பதிலுக்கு மே மாசம் ஒன்பது மணிக்கு எழுந்து நின்று தெற்கே பார்த்தால் தென்சிலுவை முழுசாக நிற்கும். ஐரோப்பாவில் உட்கார்ந்து அதைப் பார்க்க முடியாது.

இனிமேல் சொல்லப் போவதுதான் கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம்.

வடக்கே தொடுவானத்தில் வெளிச்சம் வருஷா வருஷம் ஏறுகிறது. காவலூரை ஏன் தேர்ந்தெடுத்தார்களோ அந்த இருட்டே இப்போது ஆலங்காயம், வாணியம்பாடிப் பக்கத்து வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருக்கிறது. வானியல் கழகத்தின் புதிய பெரிய தொலைநோக்கி 2000-இல் லடாக்கின் ஹான்லேக்குப் போனதற்கு உயரம் ஒரு காரணம் என்றால், இருட்டு இன்னொரு காரணம். அங்கே 2022-இல் இருள் வான் காப்பகம் அறிவித்து, ஊர் மக்களுக்கு விளக்கு மூடி கொடுத்து, அவர்களையே வானம் காட்டுகிற வழிகாட்டிகளாகப் பழக்கினார்கள். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் காட்டுக்கு 2024 ஜனவரியில் இருள் வான் பூங்கா அங்கீகாரம் கிடைத்தது. கொல்லிமலையில் ஒன்று அமைக்கப்போவதாகத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. ஜவ்வாதுக்கும் சித்தேரிக்கும் யாராவது பேச வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

களத்துக்குப் பக்கத்தில் புதிதாக எல்.இ.டி. விளக்குக் கம்பம் வந்தது. பளீரென்ற வெள்ளை. எங்கள் பசங்களில் ஒருவன் கடுப்பாகி, "ராத்திரி மட்டும் அணைக்கச் சொல்லலாமே சார்" என்றான். களத்துக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க மாசத்துல ஒரு நா வந்து இருட்டுல உக்காந்துட்டுப் போயிருவீங்க. நாங்க தெனம் இருக்கணும். போன வருசம் இந்த எடத்துலதான் எம் பேத்திக்குப் பாம்பு கடிச்சுது. லைட்டு கேட்டுக் கேட்டு இப்பத்தான் போட்டாங்க."

யாரும் பதில் பேசவில்லை. என்ன பேசுவது? இருட்டு எங்களுக்கு ஒரு ராத்திரியின் சந்தோஷம், அவர்களுக்கு அது ஒரு குறை. இத்தனை காலம் இந்த மலைகள் இருட்டாக இருந்தது யாரும் வானத்தைக் காப்பாற்றியதால் இல்லை; யாரும் கரண்டு கொடுக்காததால். அதை மறந்துவிட்டு "இயற்கையான இருட்டைக் காப்போம்" என்று கோஷம் போட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த விளக்கைக் கவனித்துப் பார்த்தால், பாதி வெளிச்சம் மேலேயும் பக்கவாட்டிலும்தான் போய்க்கொண்டிருந்தது. பாம்பு வருகிற தரைக்கு வந்தது மீதிதான். பெரியவரிடம் அதைக் காட்டினோம். கம்பத்தில் கை வைப்பது நம் வேலையில்லை என்பதால், முதலில் அவர் வீட்டு வாசல் விளக்குக்கு ஒரு எண்ணெய் டின்னை வெட்டி மேலே குடை மாதிரி மாட்டினோம். வாசல் முன்னைவிட வெளிச்சமானது. எங்கள் பக்கம் கண்ணில் அடிக்கவில்லை. பெரியவர் வாசலில் இறங்கி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்து பார்த்தார்.

"இதே மாதிரி அந்தக் கம்பத்துக்கும் போட்டுக் குடுங்கன்னு பஞ்சாயத்துல நானே கேக்கறேன். பெருசா இருக்கணும், ஆனா வெளிச்சம் கொறையக் கூடாது" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தங்கள் வாசலுக்கும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்குப் போகும்போது நாலு காலி டின்னும் தகரம் வெட்டுகிற கத்திரியும் கொண்டுபோக வேண்டும்.